எடை சரி, எந்தச் செடி?

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் விடியற்காலை, பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் 40 கட்டு துளசி வாங்கினேன். பூக்கார அம்மாவுக்கு ஊர் தர்மபுரிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. "பெருமாள் கோயிலுக்கா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நழுவிவிட்டேன். கஞ்சாச் செடி கிடைக்காத குறைக்குத் துளசியை வைத்துச் சோதிக்கப்போகிறோம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் தராசைத் தூக்கி அடித்திருப்பார்.

விஷயம் இதுதான். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் மென்பொருள் கம்பெனி. ஆறு பேர், அதில் நான்கு பேர் தமிழ். சோறு போடுவது பெரும்பாலும் கிடங்குக் கணக்கு வேலை. போன வருடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். அரசு உரிமம் வாங்கிக் கஞ்சா வளர்க்கிறவர். அறுவடை நாளில் எடையைக் கையால் எழுதி, சாயங்காலம் உட்கார்ந்து கணினியில் ஏற்றி மாளவில்லை. இதைத் தானாக நடக்க வைக்க என்னென்ன வழி, தன் தோட்டத்தின் அளவுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டார்.

அங்கே அது சட்டப்படி நடக்கும் தொழில். 2012 நவம்பரில் கொலராடோ மக்கள் வாக்களித்து வழி திறந்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடைகளில் விற்பனை தொடங்கியது. இங்கே 1985-ஆம் வருடத்து என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஒரு செடியை ஆபீசில் வைத்துப் பார்ப்பதெல்லாம் கனவிலும் கூடாது. என் அம்மாவிடம் "ஏதோ மூலிகைத் தோட்டத்துக்கு மென்பொருள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வாடிக்கையாளருக்குப் போன அறிக்கை ஆங்கிலத்தில், கட்டம் கட்டமாக, நாகரிகமாக இருந்தது. அதில் எழுதாத சமாசாரங்களையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். ரோஜாவோ குடைமிளகாயோ வளர்க்கிற ஓசூர், தொட்டபள்ளாபுரம் பக்கத்து நண்பர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில், அங்கே ஏன் இவ்வளவு கணக்கு? அந்த மாநிலத்தில் மெட்ர்க் என்ற கண்காணிப்பு மென்பொருள்தான் அரசின் கண். கலிஃபோர்னியா உட்பட வேறு பல மாநிலங்களும் அதையே வைத்திருக்கின்றன. செடி ஓரளவு வளர்ந்ததும் அதன் தண்டில் ஒரு டேக் கட்ட வேண்டும். அதில் 24 எழுத்து நீளத்தில் ஒரு எண், அதற்கான பார்கோடு, உள்ளே ஒரு ஆர்எஃப்ஐடி சில்லு, அதாவது ரேடியோ அலையால் தொடாமலே படிக்கக்கூடிய சில்லு. ஒரு தடவைதான் பயன்படும். செத்த செடியின் டேக்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. அறுவடை நாளில் ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக நிறுத்து, அதன் ஈர எடையை அந்த எண்ணின் பேரில் பதிய வேண்டும். அப்புறம் காயவைத்து, பூவைத் தண்டிலிருந்து பிரித்து, இலை கழித்து, பூ எவ்வளவு, சில்லறை இலை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று மறுபடி எடை. ஈர எடையில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கடைசியில் மிஞ்சும். மீதி பெரும்பாலும் தண்ணீராகவும் தண்டாகவும் போய்விடும். அந்தக் குறைவு நம்பும்படியாக இல்லாவிட்டால், சரக்கு பின்வாசல் வழியாகப் போயிருக்கிறதோ என்ற கேள்வி வரும்.

எங்கள் வாடிக்கையாளர் இதையெல்லாம் எப்படிச் செய்துகொண்டிருந்தார் என்று வீடியோ அழைப்பில் பார்த்தோம். ஒருவர் செடியைக் கொக்கியில் மாட்டுகிறார், தராசைப் பார்த்து எடையைக் கத்துகிறார். இன்னொருவர் அட்டையில் எழுதுகிறார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை நடப்பதும் இதேதானே. "ரெண்டே முக்கால்!" என்று ஒரு குரல், காதில் பேனா செருகிய ஒருவர் சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வார். நூறு வருடத்துக்கும் மேலாக ஓடுகிற தொழில்நுட்பம், லேசில் எடுத்தெறிந்துவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அறையில் 400 செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி, நிறுத்து, கத்தி, எழுத ஒரு செடிக்கு 20 விநாடி என்றால் 8,000 விநாடி. இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் அதைக் கணினியில் ஏற்ற ஒரு வரிக்கு 15 விநாடி என்றால் இன்னும் 100 நிமிடம். வாடிக்கையாளர் இந்த 100 நிமிடத்தைத்தான் வலி என்று நினைத்திருந்தார். முதல் வாரம் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் ஹார்டுவேர் அண்ணன்தான், நெல்லைக்காரர், பழைய அட்டைகளின் படங்களை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். 412 என்று கத்தியதை 421 என்று எழுதினால் 9 கிராம் வித்தியாசம், யாரும் கவலைப்படப்போவதில்லை. ஆனால் எழுதுகிறவர் நடுவில் ஒரு செடியின் எடையை எழுதாமல் விட்டுவிட்டால், அதற்குக் கீழே இருக்கிற எல்லாச் செடிக்கும் பக்கத்துச் செடியின் எடை போய் உட்கார்ந்துவிடும். எண்கள் எல்லாம் சரி. மொத்தமும் கிட்டத்தட்டச் சரி. எந்தச் செடி எவ்வளவு என்பது மட்டும் முழுக்கத் தப்பு. நாள் முடிவில் ஒரு டேக் மிஞ்சும், அதற்கு எடை இருக்காது. அந்தத் தொழிலில் "ஒரு செடியைக் காணோம்" என்பது தலையைப் பிடிக்கிற வாக்கியம்.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்பீட்டின் அளவுகோலே மாறிவிட்டது. எது வேகம், எது நவீனம் என்று பார்ப்பதை விட்டோம். இந்த எடை இந்தச் செடியுடையதுதான் என்று முடிச்சுப் போடுவது எது, அந்த முடிச்சு எங்கே அவிழும் என்று பார்த்தோம்.

காகிதமே போதுமா?

சில இடங்களில் போதும், சத்தியமாக. காகிதத்துக்கு வைஃபை வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கஞ்சாச் செடியின் பூவில் பிசின் அதிகம். கையுறை அரை மணி நேரத்தில் பசை தடவியது மாதிரி ஆகிவிடுமாம். அந்தக் கையால் பேனாவைப் பிடிக்கலாம், தொடுதிரையைத் தொட முடியாது. ஒரு அறுவடைக்கு நூறு செடிக்குள் என்றால் நான் காகிதத்தையே சொல்வேன். ஒரே ஒரு மாற்றம்: வெறும் அட்டை வேண்டாம். அன்றைக்கு வெட்டப்போகிற செடிகளின் டேக் எண்களை முன்னாடியே அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எடைக்கு ஒரு கட்டம் விட்ட தாள். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். கத்துகிறவர் எடையை மட்டும் கத்தாமல் "நாலு ஏழு ஒண்ணு ரெண்டு, ஐந்நூற்று முப்பது" என்று இரண்டையும் சேர்த்துக் கத்த வேண்டும். இதற்குச் செலவு ஒரு பிரிண்டர் மை. வரி தவறுகிற பிழையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். இதை அறிக்கையில் முதல் பக்கத்தில் எழுதினேன். எங்கள் முதலாளி அதை நான்காம் பக்கத்துக்குத் தள்ளினார்.

அடுத்தது டேப்லெட். பலரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. காகிதம் இருந்த இடத்தில் கண்ணாடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். எடையை இன்னமும் மனிதர்தான் கண்ணால் பார்த்து விரலால் அடிக்கிறார். டேக் எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒட்டும் விரல் ஒரு வரி கீழே பட்டுப் பக்கத்துச் செடி வந்துவிடும். காகிதத்திலாவது வரி தவறினால் அடித்து எழுதிய தழும்பு தெரியும். டேப்லெட்டில் எல்லாம் பளிச்சென்று ஒரே மாதிரி இருக்கும். சாயங்கால 100 நிமிடம் மிச்சமாகும், ஒப்புக்கொள்கிறேன். முடிச்சு மட்டும் பழையபடி தளர்வாகவே இருக்கும்.

தராசும் ஸ்கேனரும்

நாங்கள் அதிக நாள் செலவழித்தது இதில். டேக்கில் பார்கோடு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படிக்க ஒரு ஸ்கேனர். எடையைக் கணினிக்கு நேராக அனுப்புகிற ஒரு தராசு. இரண்டிலிருந்தும் வருவதை வாங்கிப் பதிய ஒரு சின்னக் கணினிப் பெட்டி. ஸ்கேன் செய், செடியை மாட்டு, எடை நின்றதும் பதிவு. மனிதர் எண் எதையும் அடிப்பதில்லை.

ஸ்கேனரை எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கினோம், சில ஆயிரம் ரூபாய்தான். தராசும் அங்கேயே கிடைத்தது, பின்பக்கம் கணினிக்கு ஒயர் செருகுகிற ஆர்எஸ்-232 துளை உள்ளது. அந்தக் கடைக்காரர் "பழைய போர்ட் சார், இப்ப யார் கேக்குறாங்க?" என்று புளூடூத் மாடலைக் காட்டினார். ஒயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். புளூடூத் அறுந்தால் ஏன் அறுந்தது என்று 14,000 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஒயர் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

தராசு எண்ணோடு இன்னொன்றையும் அனுப்பும். பல மாடல்களில், எடை நிலைத்துவிட்டால் வரியின் முன்னால் "எஸ்டி" என்றும், ஆடிக்கொண்டிருந்தால் "யூஎஸ்" என்றும் வரும். இந்த இரண்டு எழுத்தை மதிக்காமல் மென்பொருள் எழுதினால் எல்லாம் வீண். கொக்கியில் தொங்குகிற செடி ஊஞ்சல் மாதிரி ஆடும். வளர்ப்பு அறைகளில் காற்றோட்டத்துக்கு எந்நேரமும் ஃபேன் ஓடும். அந்தக் காற்றே இலையைத் தூக்கி எடையை மாற்றும். மொட்டை மாடியில் துளசிக் கட்டைத் தொங்கவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிப் பார்த்தோம். எண் நிற்கவே இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டியை மறைப்பாக வைத்ததும் சரியாகிவிட்டது. அறிக்கையில் "காற்று மறைப்பு" என்று ஒரு வரி இருக்கிறதே, அது எங்கள் மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் பிறந்த வரி.

துளசி கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் வெட்கக்கேடானது. கணினியைப் பொறுத்தவரை ஸ்கேனர் என்பது ஒரு கீபோர்டு. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எழுத்துகளைக் கொட்டிவிடும். ஒரு தடவை கர்சர் எடைக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. டேக் எண் "1ஏ4" என்று தொடங்கும். நாங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் எழுத்தை எண்ணாக மாற்றுகிற பார்ஸ்ஃப்ளோட் என்ற கட்டளை முதலில் வந்த 1-ஐ எடுத்துக்கொண்டு, "ஏ" என்ற எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. திரையில் கம்பீரமாக ஒரு துளசிக் கட்டின் எடை: 1 கிராம். அன்றைக்கு இரவே எடைக் கட்டத்தைத் திரையிலிருந்து தூக்கிவிட்டோம். எடை தராசிலிருந்து மட்டும் வரும், கையால் அடிக்க இடமே இல்லை. அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் மேற்பார்வையாளர் காரணம் எழுதித்தான் அடிக்க முடியும்.

இந்த வழியில் முடிச்சு எங்கே அவிழும்? இரண்டு இடத்தில். ஸ்கேன் செய்துவிட்டு வேறு செடியை மாட்டினால் ஒன்று. அதற்கு, ஸ்கேன் செய்து குறிப்பிட்ட நேரத்துக்குள் எடை நிலைக்காவிட்டால் ரத்து, மறுபடி ஸ்கேன் செய் என்று வைத்தோம். இன்னொன்று தராசுக்கு வருவதற்கு முன்னாலேயே நடப்பது: வெட்டுகிறவர் டேக்குக்கு மேலே வெட்டிவிட்டால் டேக் தொட்டியிலேயே தங்கிவிடும், செடி மட்டும் பெயரில்லாமல் தராசுக்கு வரும். இதற்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை. வெட்டுவதற்கு முன் டேக்கை மேலே கிளைக்கு நகர்த்திக் கட்டு என்று சுவரில் ஒரு படம் ஒட்டச் சொன்னோம்.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது சோதனைக்கு மட்டும். அங்கே வியாபாரத்துக்கான தராசுக்கு, எடைக்கருவிகளுக்கென்றே கொடுக்கிற என்டெப் சான்று வேண்டும். மலிவான சமையலறைத் தராசை வைத்து ஓட்ட முடியாது. நம் ஊரில் 2009-ஆம் வருடத்து எடையளவுச் சட்டத்தின்படி தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரிதான். வாடிக்கையாளரிடம் சான்றுள்ள தராசு ஏற்கெனவே நான்கு இருந்தன. இரண்டின் பின்னால் அந்தப் பழைய துளையும் இருந்தது. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார்.

ஆர்எஃப்ஐடி என்ற ஆசை

வாடிக்கையாளருக்கு உண்மையில் பிடித்தது இதுதான். சட்டமே ஒவ்வொரு செடியிலும் சில்லு வைத்த டேக்கைக் கட்டச் சொல்லியிருந்தது, கொலராடோவில் செடி டேக் ஒன்றுக்கு 45 சென்ட் காசும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்த சில்லைப் பயன்படுத்தாமல் பார்கோடு படிப்பானேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் தினமும் போகிறவர்களுக்குப் பதில் தெரியும். ஃபாஸ்டேக்கும் இதே இனத்து சில்லுதான். வண்டி தூரத்தில் வரும்போதே படித்துவிடும், கண்ணாடி ஏற்றியிருந்தாலும் படித்துவிடும். ஆனால் வரிசை நெருக்கமாக நின்றால் முன்னால் இருக்கிற வண்டிக்குப் பதில் பின்னால் இருக்கிற வண்டியைப் படித்துக் காசைப் பிடித்துவிட்டது என்ற புலம்பலை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம். அதே குணம்தான் இங்கேயும். "இங்கே என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஆர்எஃப்ஐடி அற்புதமாகப் பதில் சொல்லும். "இந்தக் கொக்கியில் இருப்பது மட்டும் எது?" என்று கேட்டால் தடுமாறும். எடை மேசைக்குப் பக்கத்தில் அடுத்துத் தொங்கக் காத்திருக்கிற பத்துச் செடியும் சேர்ந்து கைதூக்கும். அலையின் சக்தியைக் குறைக்கலாம், உலோகத் தடுப்பு வைக்கலாம். ஆனால் குறைத்தால் ஈரச் செடி அலையை விழுங்கிவிடும். இந்த அலைவரிசைக்குத் தண்ணீர் பரம எதிரி, இப்போதுதான் வெட்டிய செடியோ பெரும்பாலும் தண்ணீர். இரும்பு மேசை இருந்தால் அலை எகிறிக் குதித்து எங்கேயோ இருக்கிறதைப் படித்துக்கொண்டு வரும்.

சோதிப்பதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் இந்தச் சில்லைப் படிக்கும் ரீடர்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865-ஐ ஒட்டிய ஒரு சின்னப் பட்டை. அங்கே ஓடப்போகிற ரீடரை இங்கே ஓட்டிப் பார்ப்பது சட்டப்படி சரியில்லை. இங்கே ஓடுகிறதை வைத்து அங்கே எப்படி இருக்கும் என்று சத்தியம் பண்ணவும் முடியாது. நான்கு ஆன்டெனாவோடு நிலையாகப் பொருத்துகிற ஒரு ரீடர் லட்சத்தைத் தாண்டும். மேசைக்கு ஒன்று வேண்டும்.

இவ்வளவுக்கும் என்ன மிச்சம்? ஸ்கேனரை எடுத்து டேக்கைக் காட்ட இரண்டு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 400 செடிக்கு 800 விநாடி. பதின்மூன்று நிமிடம். வெட்டுகிறவர் கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் தராசு மேசையின் வேகமும். அங்கே மிச்சமாகிற இரண்டு விநாடியில் மேசைக்காரர் அடுத்த செடிக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் ஆர்எஃப்ஐடியை முழுதாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அதற்கு வேறு ஒரு இடம் இருக்கிறது: இருப்பெடுப்பு. அறை முழுக்க நிற்கிற செடிகள் கணக்குப்படி இருக்கின்றனவா என்று பார்க்க, கையில் பிடிக்கிற ஒரு ரீடரோடு வரிசைகளில் நடந்து வந்தால் போதும். ஒவ்வொரு டேக்காகக் குனிந்து ஸ்கேன் செய்ய வேண்டாம். அறுவடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நடை, முடிந்த பிறகு காலி அறையில் ஒரு நடை. காலி அறையில் ஏதாவது டேக் பதில் சொன்னால், தொட்டியில் தங்கிவிட்ட அந்த அநாதை டேக் அதுதான். சட்டம் கட்டச் சொன்ன சில்லு எங்களுக்கு உதவியது இந்த ஒரு இடத்தில். ஒரு கை ரீடரை வாங்கச் சொன்னோம், நிலையான ரீடர் எதுவும் வேண்டாம் என்றோம்.

கேமராவை வைத்துச் செடியைப் பார்த்தே எடையைக் கணிப்பது, கூரையில் ஓடும் சங்கிலியில் செடிகளை மாட்டி ஓடஓட நிறுப்பது என்று இன்னும் இருக்கின்றன. முதலாவது மதிப்பீடு; சட்டம் கேட்பது எடை. இரண்டாவது, அந்த அறைகளை இடித்துக் கட்டினால் நடக்கும். நகர்வோம்.

வாங்குவதா, எழுதுவதா

அறிக்கையின் இந்தப் பத்தியால் முதலாளிக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கஞ்சா வளர்ப்பாளர்களுக்கென்றே தராசையும் ஸ்கேனரையும் இணைத்து, மெட்ர்க்கோடு பேசுகிற மென்பொருள்கள் அமெரிக்கச் சந்தையில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும். ஆறு பேர் கம்பெனியிடம் எழுதச் சொல்லத் தேவையில்லை. இதை மறைத்து அறிக்கை கொடுக்க முடியாது என்று நான் சொன்னேன். "நம்ம சோத்துல நாமளே மண்ணைப் போடணுமா?" என்று அவர் கேட்டார். கடைசியில் பத்தி அப்படியே போனது. எங்கள் வாடிக்கையாளரிடம் பல வருடமாக ஓடுகிற சொந்தக் கிடங்கு மென்பொருள் ஒன்று இருந்தது, சந்தையில் கிடைப்பது எதுவும் அதோடு ஒட்டவில்லை. அதனால் எங்களுக்கு வேலை கிடைத்தது. அந்த மென்பொருள் இல்லாதிருந்தால் கிடைத்திருக்காது.

மெட்ர்க்குக்கு எடையை எப்படி அனுப்புவது என்பதிலும் இரண்டு கட்சி. ஒவ்வொரு செடியும் நிறுத்த மறுநொடி ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருளும் மென்பொருளும் நேராகப் பேசிக்கொள்ளும் வழியாக, அனுப்பிவிடு என்பது ஒன்று. ஷிஃப்ட் முடிந்ததும் மொத்தமாக அனுப்பு என்பது இன்னொன்று. முதலாவது டெமோவில் கைதட்டு வாங்கும். நான் இரண்டாவது கட்சி. அரசுக் கணக்கில் ஒரு எண் ஏறிவிட்டால், திருத்தலாம்தான், ஆனால் திருத்திய தடம் இருக்கும். தேவையில்லாத திருத்தங்கள் குவிவது நல்லதல்ல. அதோடு, இரும்புச் சட்டங்களும் ஈரக்காற்றும் நிறைந்த அந்த அறைகளில் வைஃபை எந்த நேரத்தில் மூச்சை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. அனுப்பினோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினால் ஒரே செடி இரண்டு தடவை. எனவே மேசைப் பெட்டியிலேயே எல்லாவற்றையும் சேமித்து வைத்து, மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்த பிறகு அனுப்புவது. டேக் எண்ணிக்கை, எடை எண்ணிக்கை, அந்த ரகத்தின் சராசரியிலிருந்து ரொம்ப விலகி நிற்கிற செடிகள், இந்த மூன்றும் ஒரே திரையில். ஐந்து நிமிட வேலை.

இங்கே எங்கள் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் கோடைக்கால நேரம் ஓடும்போது நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். காலை 7 மணிக்கு அவர்கள் அறுவடை தொடங்கினால் இங்கே சாயங்காலம் ஆறரை. நான் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டு போனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். சோதனை சர்வரின் நேரத்தை இந்திய நேரத்தில் வைத்துவிட்டோம். அங்கே மதியம் பன்னிரண்டரை ஆனதும் இங்கே நள்ளிரவு தாண்டித் தேதி மாறிவிட்டது. அதற்கு மேல் நிறுத்த செடிகள் எல்லாம் மறுநாள் அறுவடையாகப் பதிவாகி, ஒரே அறை இரண்டு அறுவடையாகப் பிளந்துவிட்டது. அரசுக்குப் போவதற்கு முன்னால், அந்த ஐந்து நிமிடப் பார்வையில்தான் பிடிபட்டது. நேரடியாக அனுப்பும் கட்சியில் இருந்த எங்கள் இளைய தம்பி அன்றோடு என் கட்சிக்கு வந்துவிட்டான்.

காய்ந்த பிறகு நடக்கிற எடையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. பத்துப் பதினைந்து நாள் குளிர்ந்த அறையில் தொங்கிக் காய்ந்ததும், செடி என்ற தனி அடையாளம் போய்விடும். அப்புறம் எல்லாம் மொத்தமாக, ரகவாரியாக. நானூறு எடைக்குப் பதில் இருபது முப்பது எடை. முடிச்சுப் பிரச்சினை இங்கே குறைவு, ஆனால் ஒவ்வொரு எடையும் பெரிய காசு. அங்கே வந்த தொல்லை வேறு: தராசு கிராமில் காட்டும், வியாபாரம் பவுண்டில் நடக்கும், ஒரு பவுண்டு 453.6 கிராம். பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறப்பதும் உண்டு. அதே தராசு, அதே பெட்டி, ஸ்கேனர் மட்டும் செடி டேக்குக்குப் பதில் பொட்டல டேக்கைப் படிக்கும். கழிவுக்கும் அதே மேசைதான். கழிவு எடையை மதிப்பாகப் போட்டுவிடலாம் என்று அவர்களுக்கு ஒரு சபலம் இருந்தது. வேண்டாம் என்றோம். ஈர எடையிலிருந்து காய்ந்த எடைக்கு வருகிற கணக்கில், நிறுக்காமல் விட்ட கழிவுதான் பிறகு பதில் சொல்ல முடியாத ஓட்டையாக நிற்கும்.

ஆக, கடைசியில் போன பரிந்துரை: எடை மேசை இரண்டு, அவர்களிடம் இருக்கிற சான்றுள்ள தராசுகளை வைத்தே. ஒயர் ஸ்கேனர் இரண்டு, பழுதுக்கு ஒன்று. காற்று மறைப்பு. இருப்பெடுப்புக்கு ஒரு கை ரீடர். பெட்டிகள் செத்துப்போனால் அன்றைக்கு மட்டும் பயன்படுத்த, டேக் எண் அச்சடித்த காகிதத் தாள்கள். முதலாளி நான்காம் பக்கத்துக்குத் தள்ளிய அதே தாள்கள்தான்.

பதிவை உறுதி செய்ய என்ன வைப்பது என்பதில் மட்டும் இழுபறி. பிசின் கையால் பட்டனைத் தொட முடியாது என்று காலால் மிதிக்கும் பெடல் வைத்தோம். தையல் மிஷின் பெடல் மாதிரி ஒன்று, எஸ்.பி. ரோட்டிலேயே கிடைத்தது. எடை நிலைத்ததும் ஒரு பீப், அப்புறம் மிதி. முதல் அறுவடை முடிந்த ராத்திரி அங்கிருந்து அழைப்பு வந்தது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஃபேன் சத்தத்தில் பீப் காதில் விழவில்லை என்றார்கள். மறுநாள் காலை ஹார்டுவேர் அண்ணன் எஸ்.பி. ரோட்டுக்கு மறுபடி கிளம்பினார், லாரிக்கு வைக்கிற மாதிரி சத்தமான ஒரு பஸர் தேடி.